தோட்டத்து மண்டபத்தில் ஒரு நாவலாசிரியரைப் பேச வைப்பது எப்படி

இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டப் பகுதியில், எழுத்தாளர் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்த ஒழுங்கு மனப்பாடமாகவே தெரியும். மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, நான்கைந்து வாழ்த்துரை, முதல் பிரதி வழங்கல், பொன்னாடை, சிறப்புரை. அப்புறம் எல்லோரும் கடைசி பஸ்ஸைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் நேரத்தில் எழுத்தாளரின் ஏற்புரை.

எங்கள் டிவிசனில், அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவில், நாங்கள் முதன்முதலாக ஒரு நாவலாசிரியரை அழைத்தபோது அதே ஒழுங்கில்தான் நடத்தினோம். ஒன்பது பேர் பேசினார்கள். எழுத்தாளருக்கு மிஞ்சியது ஆறு நிமிடம். கீழ்க்கணக்கு என்கிற கீழ்ப் பிரிவிலிருந்து ஏறி வந்திருந்த ஒரு பாட்டி, பேரப்பிள்ளை வாசித்துக் காட்டிய அந்த நாவலில் இந்தியாவுக்குப் போன தங்கச்சி பிறகு கடிதம் போட்டாளா இல்லையா என்று கேட்பதற்காகவே வந்தவர், இருட்டுகிறது என்று கேட்காமலே இறங்கிப் போய்விட்டார். அவருடைய சொந்தத் தங்கச்சியும் அப்படித்தான் போனவராம், எனக்கு மறுநாள்தான் தெரியும். அன்றிலிருந்து நான் கூட்டம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டேன். இங்கே எழுதுவது அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது. சனசமூக நிலையமோ, கோயில் மண்டபமோ, பிரதேச சபையின் கலாசார மண்டபமோ, எங்கே நடத்தினாலும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் புத்தகத்தை வாசியுங்கள். கமிட்டியில் குறைந்தது மூன்று பேராவது முழுசாக வாசித்திருக்க வேண்டும். வாசிக்காமல் அழைத்தால் எழுத்தாளருக்கு அது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அவரும் பொதுவாகப் பேசிவிட்டுப் போய்விடுவார். வாசித்துவிட்டு போன் எடுத்து, "ஐயா, அந்த மூன்றாம் அத்தியாயத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நடக்கிற சண்டையைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், நேரில் வந்து பேச முடியுமா" என்று கேட்டுப் பாருங்கள், அவருடைய குரலே மாறும். எதைப் பற்றிப் பேச வேண்டும், எவ்வளவு நேரம், யார் யார் இருப்பார்கள், போக்குவரத்துச் செலவு யார் பொறுப்பு, எல்லாவற்றையும் அந்த முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பணப் பேச்சை வெட்கப்பட்டுத் தள்ளிப் போட வேண்டாம். நம் எழுத்தாளர்களில் நிறையப் பேர் சொந்தக் காசில் அச்சடித்து, மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து விற்பவர்கள். ஒரு பொன்னாடையின் விலையை உறையில் போட்டுக் கொடுத்தால் அவருக்கு அது பயன்படும்.

நாள் குறிப்பது நினைப்பதை விடச் சிக்கலான வேலை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை பக்கம் ஆண்டு முடிவிலும் ஜனவரியிலும்தான் மழை அதிகம். அதனால் ஹட்டன் பக்கத்துக் கூட்டத்தை ஆண்டின் முதல் மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதையில், அதுவும் நீண்ட விடுமுறை வந்தால், வாகனம் நகராது. அந்த வழியில் இருப்பவர்கள் சனி, ஞாயிறோடு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, ஒட்டி வரும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற இடங்களில் போயா நாள் நல்ல நாள்தான், விடுமுறை, மதுக்கடையும் பூட்டியிருக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள்.

சாதாரண ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு, அதாவது ரொக்கக் கூலிக்கு, தேயிலை மலைக்குப் போவார்கள், அந்த வருமானத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று யாரையும் கேட்க நமக்கு உரிமை இல்லை, ஆகவே அந்த வாரம் வேண்டாம். இரண்டாவது, நேரம். பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்துவிடுங்கள். அதற்கு மேல் பனிமூட்டம் இறங்கும், தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு பற்ற வைக்க வேண்டும், பெண்கள் எழும்பிவிடுவார்கள். அவர்கள் எழும்பினால் கூட்டம் முடிந்த மாதிரிதான். சம்பள நாளைக்குப் பிறகு வரும் ஞாயிறு என்றால் புத்தகமும் விற்கும்.

மண்டபத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. தோட்டத்துக்குச் சொந்தமான கட்டடம் என்றால் நிர்வாகத்துக்கு, பிரதேச சபை மண்டபம் என்றால் செயலாளருக்கு. பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று பெயரோடு தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதல் நாள் மாலையே போய்த் திறந்து, கூட்டி, விளக்கு எரிகிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வெளியே ஒலிபெருக்கி கட்டுவதானால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். உண்மையில் அது தேவையில்லை, உள்ளே ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் இரண்டு மைக்கும் போதும். கோயில் செட்டைக் கேட்டால் கொடுப்பார்கள். கதிரைகள் மரண உதவிச் சங்கத்தில் இருக்கும். ஆனால் அன்று தோட்டத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டால் கதிரை அங்கேதான் போகும், போகவும் வேண்டும். அதனால் படங்கும் பாயும் தயாராக வைத்திருங்கள். கீழே உட்கார்ந்தும் நல்ல கூட்டம் நடத்தலாம்.

கதிரைகளை வரிசையாகப் போடாமல் அரை வட்டமாகப் போடுங்கள். மேடை இருந்தாலும் எழுத்தாளரைக் கீழே கொண்டு வாருங்கள், மூன்று நான்கு அடி தூரத்தில். இது மரியாதைக் குறைவு என்று யாராவது சொல்வார்கள், எழுத்தாளரிடமே கேட்டுப் பாருங்கள், அநேகமாக அவருக்கு இதுதான் பிடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. தகரக் கூரையில் மழை இறங்கினால் எந்த மைக்கும் உதவாது. அப்போது பேச்சை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி கொடுங்கள், மழை விடவில்லை என்றால் கதிரைகளை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு பேசுங்கள். கரண்ட் போனாலும் இதே வழிதான்.

இப்போது முக்கியமான வேலைக்கு வருகிறேன், கூட்டம் நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் அன்று நடப்பதில் இல்லை, அதற்கு முந்தைய மூன்று வாரத்தில்தான் இருக்கிறது. எழுத்தாளரிடம் அனுமதி கேட்டு ஒரு அத்தியாயத்தை மட்டும், பத்துப் பன்னிரண்டு பக்கம், போட்டோகொப்பி எடுங்கள். லயத்துக்கு, அதாவது ஒரு வரிசை வீடுகளுக்கு, ஒன்று என்று கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள், கண் மங்கியவர்கள், நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து எழுத்தைப் பார்க்கத் தெம்பில்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பிள்ளையை வைத்து இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள், அல்லது வாசித்துப் பதிவு செய்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எங்கள் தோட்டத்தில் அப்படி அனுப்பிய பதிவைப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைக் காப்பகத்தில்) ஆயம்மா போட்டுக் கேட்டிருக்கிறார், பிள்ளைகளை எடுக்க வந்த தாய்மார் அப்படியே நின்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் பேசுவார்கள், "அப்படி நடக்கவே இல்லை", "எங்க அப்பாயி சொன்னது வேற மாதிரி" என்பார்கள். அந்தப் பேச்சை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அன்றைக்குக் கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

நாவலில் வரலாறு வந்தால் ஒரு பிறிஸ்டல் போர்டில் சில ஆண்டுகளைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 1867, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது. 1948, குடியுரிமைச் சட்டம், அதோடு நம் ஆட்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானது. 1964, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. 1972, 1975, காணிச் சீர்திருத்தமும் தோட்டங்கள் அரசு கைக்குப் போனதும். 2003, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம். இளம் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டுகள் தெரியாது, பெரியவர்களுக்கோ ஆண்டு தெரியாது, தலைமன்னாருக்கு ரயில் ஏற்றிவிட்ட நாளின் அழுகை தெரியும். போர்டு இருந்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று பேசத் தொடங்குவார்கள். கூட்டம் தொடங்க முன்னமே அங்கே ஒரு கூட்டம் நடக்கும், அதைக் கலைக்க வேண்டாம்.

உள்ளூர் நாவலாசிரியர் என்றால் ஒரு எச்சரிக்கை உண்டு. கதையில் வருகிறவர்களின் சொந்தக்காரர் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். கங்காணியின் பேரன், ஓடிப்போன பெண்ணின் அக்கா, தூக்குப் போட்டுக்கொண்டவரின் மகன். பெயரை மாற்றி எழுதியிருந்தாலும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும் யார் என்று. சாதிப் பேச்சும் இதில் வந்து சேரும். முதலிலேயே எழுத்தாளரோடு உட்கார்ந்து எந்தப் பகுதியை வாசிப்பது, எதை அன்று தொடாமல் விடுவது என்று பேசிக்கொள்ளுங்கள். இது எழுதியதை மறைப்பதாகாது, புத்தகத்தில் இருப்பது இருக்கட்டும். ஆனால் ஒரு குடும்பத்தின் காயத்தை ஊர் நடுவில் மைக் வைத்து வாசிப்பது வேறு விஷயம். அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே போய், "இப்படி ஒரு கூட்டம், அவர் வருகிறார், உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. நான் அப்படிப் போன ஒரு வீட்டில் கோபத்தோடு பேசத் தொடங்கியவர், கடைசியில் தன் தகப்பனின் பழைய படம் ஒன்றைக் கொண்டு வந்து எழுத்தாளரிடம் காட்டச் சொன்னார்.

அடுத்தது நிகழ்ச்சி நிரல். இதில் நான் பிடிவாதக்காரன். விளக்கேற்றல், வரவேற்பு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். விளக்கேற்ற அந்தத் தோட்டத்தில் அதிக காலம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவைக் கூப்பிடுங்கள். அரசியல்வாதியைப் பிரதம விருந்தினர் ஆக்கினால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்த பிறகு அவர் பேசும்வரை காத்திருக்க வேண்டும். அவருக்குப் புத்தகத்தில் ஆர்வம் இருந்தால் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும், மனதார வரவேற்போம். அறிமுகம் மூன்று நிமிடம்தான். பிறந்த இடம், படித்த பாடசாலை, வாங்கிய விருதுகள் என்று பட்டியல் படிக்காமல், இந்தப் புத்தகத்தை நான் எப்படி வாசித்தேன் என்று அறிமுகம் செய்பவர் சொல்லட்டும். வாழ்த்துரைகளை ஒரேயடியாக வெட்டிவிடுங்கள். பேசாவிட்டால் மனம் நோவார்கள் என்று நினைக்கிற பெரியவர்களிடம் இரண்டு நாளைக்கு முன்னரே போய், "ஐயா, இந்த முறை எழுத்தாளரையே பேச விடப்போகிறோம், நீங்கள் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். இதுவரை எனக்கு யாரும் முடியாது என்று சொன்னதில்லை.

பிறகு பத்து நிமிடம் வாசிப்பு. எழுத்தாளரே ஒரு பகுதியை வாசிக்கட்டும், உரையாடல் நிறைந்த இன்னொரு பகுதியைத் தோட்டத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் பாத்திரம் பிரித்து வாசிக்கட்டும். காமன் கூத்திலோ பொன்னர் சங்கர் கூத்திலோ ஆடிப் பழகியவர்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம், அந்தக் குரலுக்கு மண்டபம் அடங்கிவிடும். நம்முடைய பேச்சு, பெரட்டும் கவ்வாத்தும் அந்திக் கொழுந்தும் நிறைந்த அந்தப் பேச்சு, அச்சில் ஏறி, அதுவே மறுபடி நம் வாயிலிருந்து வெளியே வருவதை ஒரு பிள்ளை கேட்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளைச் சீருடையில் கொண்டுவந்து கதிரை நிரப்புவதைவிட விரும்பி வரும் ஐந்து பிள்ளைகளுக்கு வாசிக்க ஆளுக்கு ஒரு பக்கம் கொடுப்பது நூறு மடங்கு மேல்.

அப்புறம் உரையாடல், முப்பத்தைந்து நிமிடம். சொற்பொழிவாக விடாமல், புத்தகத்தை வாசித்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கேட்க எழுத்தாளர் பேசட்டும். டீச்சர் ஒருவர் இதற்கு நன்றாக அமைவார். "உங்கள் இலக்கியப் பயணம் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பத்து இடத்தில் சொன்ன பதில்தான் வரும். சின்னதாக, இடம் பார்த்துக் கேளுங்கள். லயத்துக் காம்பராவில் எட்டுப் பேருக்கு நடுவில் எந்த நேரத்தில் எழுதினீர்கள்? உங்கள் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினீர்களா, என்ன சொன்னார்? துரை பேசும் தமிழை எழுதும்போது எதை விட்டீர்கள், எதை வைத்தீர்கள்? அந்தக் கணக்கப்பிள்ளையை ஏன் நல்லவனாகவே முடிக்கவில்லை?

மிச்ச நேரம், முக்கால் மணி என்று வையுங்கள், முழுக்கச் சபைக்கு. இங்கேதான் ஆண்கள் எழும்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு தனிச் சொற்பொழிவு செய்வார்கள், பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது. வாசலிலேயே ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் பென்சிலும் கொடுங்கள், எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். கொப்பியில் சேர்த்த கேள்விகளோடு அந்தத் துண்டுகளையும் கலந்து, முதல் மூன்று கேள்வி பெண்களுடையதாக வாசியுங்கள். மைக்கை ஒருவர் கையில் கொடுத்துவிடாமல் நடத்துபவரே பிடித்துக்கொண்டு போய் நீட்ட வேண்டும். நீளமாகப் போகிறவரிடம், "அண்ணே, உங்கள் கேள்வி என்ன, அதை ஐயா கேட்கட்டும்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். யாராவது கேள்வி கேட்காமல் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், அது வேறு, அதை நிறுத்தாதீர்கள். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, நம் மக்கள் வாயில் இருந்த பாடல்களைத் தேடித் திரட்டிப் புத்தகமாக்கினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழவியின் நாலு வரி ஒப்பாரிதான் நாளைக்கு யாரோ எழுதப்போகும் நாவல்.

சிங்கள அயலவர்கள் வந்திருந்தால் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து மெல்லச் சொல்லச் சொல்லுங்கள்.

தேத்தண்ணியை வந்தவுடன் கொடுங்கள், குளிருக்கு இஞ்சி போட்டு. வடையோ அவித்த கடலையோ முடிவில். நடுவில் பலகாரம் கொடுத்தால் பாதிப் பேர் அதோடு கிளம்பிவிடுவார்கள்.

எழுத்தாளர் வெளியூர் என்றால் மெயின் ரோட்டு முடக்கில் ஒருவர் குடையோடு நிற்க வேண்டும். ரயில் ஓடுகிறதா, மண்சரிவால் பாதை மூடியிருக்கிறதா என்று முதல் நாளும் அன்று காலையும் கேட்டுவிடுங்கள். திரும்பிப் போக ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லி, காசும் கொடுத்து வைத்துவிடுங்கள்.

புத்தக மேசை வாசல் பக்கம் இருக்கட்டும், எழுத்தாளர் கையில் கல்லாப்பெட்டியைக் கொடுக்காதீர்கள், உங்களில் ஒருவர் விற்க வேண்டும். இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகச் சில்லறை மாற்றி வையுங்கள். நாவல் ஒன்று வாங்க நாள் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும் நிலையில், ஆசை இருந்தும் கை பின்வாங்கும். எழுத்தாளருக்குச் சங்கப் பணத்திலிருந்து அன்றே கொடுத்துவிட்டு, வாங்கியவர்களிடம் சம்பளத்துக்குச் சம்பளம் இரண்டு தவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று முறை இப்படிச் செய்திருக்கிறோம், ஒரு ரூபாய் நிற்கவில்லை. பாடசாலை நூலகத்துக்கு ஒன்றும் வாசிகசாலைக்கு ஒன்றும் சங்கமே வாங்கட்டும்.

பதிவு செய்யுங்கள், ஆனால் எழுத்தாளரிடமும் சபையிடமும் கேட்டுவிட்டு. ஒரு போனை மேசையில் எழுத்தாளருக்குக் கிட்டவாக வைத்து, 'ஏரோபிளேன் மோட்'டில் போட்டு, ஒலியை மட்டும் பதிந்தாலே போதும். மண்டபத்தின் கடைசியிலிருந்து எடுக்கும் வீடியோவில் இருமல்தான் கேட்கும். அந்தப் பதிவை ஒரு போனிலேயே விட்டால் போன் உடையும்போது அதுவும் போய்விடும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் எழுத்துகளை இணையத்தில் ஆவணமாக்கி வருகிறது, ஒலிப்பதிவுகளும் சேர்க்கிறார்கள். திகதி, இடம், பேசியவர் பெயர் எழுதி அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். தன் கதையைச் சொன்னவர்கள் வெளியே போக வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு அனுப்ப வேண்டும்.

மறுநாள் கதிரைகளை எண்ணித் திருப்பிக் கொடுத்து, சாவியைக் கொடுத்து, கணக்கை மண்டபச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நேரம் போதாமல் விடுபட்ட கேள்வித் துண்டுகளைப் படம் எடுத்து எழுத்தாளருக்கு அனுப்புங்கள். அந்தப் பாட்டியின் கேள்வியைப் பிந்தியாவது நான் அப்படித்தான் அனுப்பினேன். ஒரு வாரத்தில் குரல் பதிவாகப் பதில் வந்தது, ஏழு நிமிடம். கீழ்க்கணக்குக்கு இறங்கிப் போய் அவருடைய இஸ்தோப்பில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். முடிந்ததும், இன்னொரு தரம் போடு தம்பி என்றார்.